பனியா? யூரியாவா? – எங்கள் வீட்டுச் சண்டையும் நெற்பயிரும்

 

நம்ம ஆத்தூர் என்றாலே வெளியூர்க்காரங்க முதலில் சொல்வது வெற்றிலை. 2023-ல் புவிசார் குறியீடு கூட வாங்கிவிட்டது. அடுத்தது வாழை. ஆனால் வெற்றிலையும் வாழையும் இருந்தாலும் சோறு தின்னாமல் யாரும் படுப்பதில்லை. அந்தச் சோற்றைப் பற்றித்தான் இந்தத் தடவை எழுதுகிறேன்.

இந்தக் கட்டுரை எங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டையில் ஆரம்பித்தது. சண்டை போட்டது என் தாத்தாவும் ஆச்சியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. பக்கத்து காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி பொங்கி வயக்காடெல்லாம் மணல் மூடிப் போச்சு. எங்கள் ஒரு ஏக்கர் பிசானப் பயிரும் அதோடு போச்சு. மணலை அள்ள ஆன செலவுக்கு அம்மாவின் இரண்டு வளையலும் அடகுக்குப் போனது. "அடுத்த பிசானம் கை கொடுக்கும், மீட்டுருவோம்" என்று தாத்தா சொன்னார்கள்.

அடுத்த பிசானமும் வந்தது. ஐப்பசி கடைசியில் நடவு. பயிர் நன்றாகத் தூர் கட்டியது. மார்கழி பிறந்ததும் பனி விழ ஆரம்பித்தது. வானம் மூட்டமாகவே இருந்தது. பயிர் வெளிறி மஞ்சளாகிவிட்டது. தாத்தாவுக்கு மனசு கேட்கவில்லை. போட வேண்டிய உரத்தை எல்லாம் போட்ட பிறகும், இன்னும் இரண்டு மூட்டை யூரியா வாங்கிவந்து வீசினார்கள். பத்து நாளில் பயிர் கருகருவென்று ஆனது. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். தாத்தா என்னிடம், "பாத்தியாளா, யூரியா வேலய?" என்று சிரித்தார்கள்.

தை மாதம் கதிர் வந்தது. வந்த கதிர் குனியவே இல்லை, நட்டுக்கொண்டு நின்றது. சில கதிர் கழுத்து கறுத்து ஒடிந்து தொங்கியது. உருவிப் பார்த்தால் உள்ளே அரிசி இல்லை, சாவி. 35 மூட்டை நெல் வரும் என்று நினைத்த இடத்தில் 16 மூட்டைதான் வந்தது. வளையல் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

தாத்தா சொன்னது: "பனி கெடுத்துட்டு."

ஆச்சி சொன்னது: "பனி வருஷா வருஷம்தான் பெய்யுது. ஒங்க யூரியாதான் கெடுத்துட்டு."

இருவரில் யார் சொன்னது சரி? அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். அவர்கள் விடை சொல்லவில்லை. "நீயே கண்டுபிடிச்சு சுவரிதழ்ல எழுது" என்று சொல்லிவிட்டார்கள். அப்படித் தேடியதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

நெல்லுக்குக் குளிருமா?

குளிரும். நெல் வெயிலில் வளரும் பயிர். 25 முதல் 35 டிகிரி வெப்பம் அதற்குப் பிடித்தது. 20-க்குக் கீழே போனால் மெதுவாகும். 10 டிகிரிக்குக் கீழே விதை முளைக்கவே முளைக்காது.

இதை நான் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். ஊற வைத்த விதைநெல்லை இரண்டு ஈரத்துணியில் பாதிப் பாதியாக முடிந்தேன். ஒன்றை அடுப்படி ஜன்னலில் வைத்தேன். இன்னொன்றை அத்தை வீட்டு பிரிட்ஜில் வைத்தேன். ஜன்னலில் இருந்தது மூன்றாம் நாள் முளை விட்டது. பிரிட்ஜில் இருந்தது ஒரு வாரமாகியும் அப்படியே இருந்தது. செத்துப் போச்சு என்று நினைத்து வெளியே எடுத்து வைத்தேன். மூன்று நாள் கழித்து அதுவும் முளைத்துவிட்டது! குளிரில் அது சாகவில்லை, தூங்கியிருக்கிறது.

சரி, நம்ம ஊரில் எவ்வளவு குளிர்? பள்ளி ஆய்வுக்கூடத் தெர்மாமீட்டரை அனுமதி வாங்கி எடுத்துப் போனேன். மார்கழியில் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு வயலில் 21 டிகிரி. மத்தியானம் 30 டிகிரி. அதனால் நம்ம ஊர்ப் பனி பயிரைக் கொல்லாது. ஆனால் ராத்திரிக் குளிரும் மூட்டமும் சேர்ந்தால் வேர் சத்தை உறிஞ்சுவது மெதுவாகும். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் மக்கைச் சிதைத்துச் சத்தாக மாற்றும் வேலையும் மெதுவாகும். வெயில் இல்லாததால் இலை உணவு தயாரிப்பதும் குறையும். அப்போது பயிர் வெளிறித் தெரியும். மண்ணில் சத்து இருக்கும், ஆனால் பயிரால் வேகமாக எடுக்க முடியாது. காய்ச்சல்காரன் முன்னால் பிரியாணியை வைத்தால் சாப்பிட முடியுமா? அது மாதிரிதான்.

பயிர் மஞ்சளாக வேறு காரணமும் உண்டு. தண்ணி வடியாமல் தேங்கி நின்றால் வேர் மூச்சு முட்டும். துத்தநாகச் சத்து குறைந்தால் இலையில் துருப் பிடித்த மாதிரிப் புள்ளி வரும். இதற்கெல்லாம் யூரியா மருந்து இல்லை. ஆனால் மஞ்சளைப் பார்த்தவுடனே நம் கை யூரியா மூட்டைக்குத்தான் போகிறது.

யூரியா என்ன செய்யும்?

யூரியாவில் இருப்பது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். நூறு கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து. இலையின் பச்சையத்துக்கும் புரதத்துக்கும் இது கட்டாயம் வேண்டும். இது இல்லாவிட்டால் தூர் கட்டாது, கதிர் சிறுக்கும். ஆகவே யூரியா கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அளவும் நேரமும்தான் விஷயம்.

ஒரு கணக்குப் போடுவோம். குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை. ஒரு ஹெக்டேர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர். அப்படியென்றால் ஏக்கருக்கு 48 கிலோ. யூரியா மூட்டை 45 கிலோ. அதில் தழைச்சத்து 20.7 கிலோ. டிஏபி மூட்டை 50 கிலோ. அதில் தழைச்சத்து 9 கிலோ.

தாத்தா முதலில் போட்டது: டிஏபி 1 மூட்டை + யூரியா 2 மூட்டை = 9 + 41.4 = 50.4 கிலோ.

பிறகு போட்டது: யூரியா 2 மூட்டை = 41.4 கிலோ.

ஆக மொத்தம்: 91.8 கிலோ!

முதலில் போட்டதே அளவாக இருந்தது. பனிக்குப் பயந்து போட்டதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. இந்தக் கணக்கை நோட்டில் எழுதிக் காட்டியதும் தாத்தா ரொம்ப நேரம் பேசவில்லை.

மூட்டை 266 ரூபாய் 50 காசுதான், அரசாங்கம் மானியம் கொடுப்பதால் விலை குறைவு. விலை குறைவானதால் நமக்கு அளவு தெரிவதில்லை. போட்ட யூரியா முழுவதும் பயிருக்கும் போவதில்லை. நெல் வயலில் பாதிக்கும் குறைவாகத்தான் பயிர் எடுக்கிறது. மீதி அமோனியா வாயுவாகக் காற்றில் போகும், தண்ணியோடு கரைந்து வாய்க்காலுக்குப் போகும். தாமிரபரணியில் ஸ்ரீவைகுண்டம்தான் கடைசி அணைக்கட்டு. அதற்குக் கீழே கடைசியில் இருப்பவர்கள் நாம். மேலே வீசியது கரைந்து நம்மிடம் வரும். நாம் வீசியது புன்னக்காயல் வழியாகக் கடலுக்குப் போகும்.

பனியும் யூரியாவும் கூட்டுச் சேர்ந்தால்...

இங்கேதான் எங்கள் வீட்டுச் சண்டைக்கு விடை இருக்கிறது. கழுத்து கறுத்து ஒடிந்த கதிருக்குக் காரணம் குலைநோய். அது ஒரு பூஞ்சாண நோய். இலையில் வந்தால் கண் வடிவத்தில் புள்ளி தெரியும். நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. கதிரின் கழுத்தில் வந்தால் இலையில் செய்த உணவு கதிருக்குப் போகாது. நெல் சாவியாகும்.

இந்தப் பூஞ்சாணம் எப்போது வரும்? ராத்திரி வெப்பம் 20 முதல் 26 டிகிரி, காற்றில் ஈரம் 90 சதவீதத்துக்கு மேல். இந்த நிலை ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் நாற்றங்கால், தூர் கட்டும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் மூன்றிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்கிறது வேளாண் பாடம். என் தெர்மாமீட்டரில் 21 டிகிரி காட்டியதை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். பூஞ்சாணத்தின் விதைத்தூள் இலையில் விழுந்து முளைக்க ஈரம் வேண்டும். விடிய விடியப் பெய்யும் பனி அந்த ஈரத்தைக் கொடுக்கிறது.

ஆனால் விதைத்தூள் விழுந்த எல்லாப் பயிரும் சாவதில்லை. ஆச்சி சொன்ன மாதிரி பனி வருஷா வருஷம் பெய்கிறது. அப்போது யூரியா என்ன செய்கிறது?

1. தழைச்சத்து அதிகமானால் பயிர் மளமளவென்று வளரும். ஆனால் செல்லின் சுவர் மெலிந்து இலை மெதுமெதுவென்று ஆகிவிடும். பூஞ்சாணம் எளிதாகத் துளைக்கும்.

2. நெல் இலை கையை அறுக்கிறதே, அதற்குக் காரணம் இலையில் இருக்கும் சிலிக்கா என்ற மணல் சத்து. அதுதான் பயிரின் கவசம். தழைச்சத்து கூடினால் இந்தக் கவசம் மெலியும்.

3. இலைச்சாற்றில் அமினோ அமிலங்கள் அதிகமாகும். அது பூஞ்சாணத்துக்கு விருந்து.

4. பயிர் அடர்ந்து நிற்பதால் உள்ளே காற்று போகாது. வெயில் ஏறினாலும் பனி ஈரம் காயாது.

ஆக, பனி கதவைத் தட்டியது, யூரியா கதவைத் திறந்து விட்டது. தாத்தா சொன்னதும் பாதி சரி. ஆச்சி சொன்னதும் பாதி சரி.

உங்களுக்குத் தெரியுமா? – ஜப்பானில் நடந்தது

நம்மைவிட ரொம்பக் குளிரான ஜப்பான் நாட்டிலும் நெல்தான் முக்கியப் பயிர். அங்கே வடக்கே ஹொக்கைடோ என்ற தீவில் குளிரால் நெல் கெடுவது பழைய கதை. 1991-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் பினாட்டுபோ எரிமலை வெடித்தது. அதன் தூசி வானத்தில் பரவி பூமிக்கு வரும் வெயிலைக் குறைத்தது. 1993-ல் ஜப்பானில் கோடை காலமே குளிராகப் போனது. அதற்கு அந்தத் தூசியும் ஒரு காரணம் என்கிறார்கள். வழக்கமாக 100 மூட்டை விளையும் இடத்தில் நாடு முழுக்கச் சராசரியாக 74 மூட்டைதான் விளைந்தது. கடைகளில் அரிசிக்கு வரிசை நின்றது. தாய்லாந்து, சீனா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா நாடுகளிலிருந்து 25 லட்சம் டன் போல அரிசி இறக்குமதி செய்தார்கள். அந்த வருஷம் அங்கேயும் குளிரோடு குலைநோய் சேர்ந்து வந்தது!

அங்கே குளிர் நேராகவே சாவியாக்கும். கதிர் வெளிவர பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால், அது தண்டுக்குள் ஒளிந்திருக்கும்போது, மகரந்தத் தூள் உருவாகிறது. நம்ம ஊரில் தொண்டைக்கதிர் என்று சொல்வதற்குச் சற்று முந்தின நேரம் அது. அந்தச் சில நாட்களில் 17, 18 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து குளிர்ந்தால் மகரந்தம் கெட்டுவிடும். மகரந்தம் இல்லாமல் மணி எப்படிப் பிடிக்கும்? தழைச்சத்து அதிகம் போட்ட வயலில் நல்ல மகரந்தத் தூள் இன்னும் குறைவாக இருப்பதை ஹொக்கைடோ விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதனால் குளிர் வரும் வருஷம் அங்கே தழைச்சத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

இன்னொரு அருமையான வழியும் கண்டுபிடித்தார்கள். அந்தச் சமயத்தில் இளங்கதிர் தண்டின் கீழ்ப் பகுதியில்தான் இருக்கும். வயலில் தண்ணியை ஒரு சாண் அளவுக்கு உயர்த்திக் கட்டினால் கதிர் தண்ணிக்குள் மூழ்கிவிடும். ராத்திரி காற்று குளிர்ந்தாலும் தண்ணி சீக்கிரம் குளிராது. கதிருக்குத் தண்ணியே போர்வை! எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் படித்த வெப்பப் பாடம் வயலில் உதவுவதைப் பார்த்தீர்களா?

நம்ம ஊரில் 17 டிகிரி வரை இறங்குவதில்லை. அதனால் ஒரு சாண் தண்ணி கட்ட வேண்டாம். நமக்கு உள்ள எதிரி குலைநோய்தான்.

செய்து பாருங்கள்

நான்கு பழைய தேங்காய்ச் சிரட்டையில் வயல் மண் போட்டு முளைத்த நெல் பத்துப் பத்து வைத்தேன். முதல் சிரட்டைக்கு யூரியா இல்லை. இரண்டாவதற்கு நாலைந்து மணி மட்டும். மூன்றாவதற்கு அரை ஸ்பூன். நான்காவதற்கு இரண்டு ஸ்பூன். இருபது நாளில் முதலாவது வெளிறி நின்றது. இரண்டாவது நல்ல பச்சை. மூன்றாவதில் பாதி நுனி கருகிப் போச்சு. நான்காவதில் எல்லாம் செத்துவிட்டது. "அமிர்தமும் அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு" என்று தமிழ் ஐயா சொல்வதை நேரில் பார்த்தேன். யூரியாவைத் தொட்டால் கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

எப்போது போடுவது என்று எப்படித் தெரியும்?

இதற்கு இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் அட்டையில் வெளிர்ப் பச்சை முதல் கரும்பச்சை வரை பட்டை பட்டையாக நிறம் இருக்கும், எண்ணும் போட்டிருக்கும். நட்ட 14 நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டும். முறை இதுதான்:

• காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் பார்க்க வேண்டும்.
• நோய் இல்லாத பத்துப் பயிரில், மேலே முழுதாக விரிந்த இலையை எடுத்துக்கொள்ள வேண்டும். இலையைப் பறிக்கக் கூடாது.
• இலையின் நடுப்பகுதியை அட்டையில் வைத்து நிறம் பார்க்க வேண்டும். வெயில் படாமல் நம் உடம்பால் நிழல் கொடுக்க வேண்டும்.
• எப்போதும் ஒரே ஆள்தான் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஆள் கண் மாறும்.
• பத்தில் ஆறு இலையாவது 4-க்குக் கீழே இருந்தால் மட்டும் யூரியா போடலாம். வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் 3.

யூரியாவையும் ஒரேயடியாக வீசாமல் அடியுரம், தூர் கட்டும் போது, கதிர் உருவாகும் போது, கதிர் வெளிவரும் போது என்று பிரித்துப் போட வேண்டும். மூட்டமும் பனியும் பிடித்துக்கொண்டால் வெயில் வரும் வரை பொறுக்க வேண்டும். குலைநோய்ப் புள்ளி தெரிந்தால் யூரியாவை உடனே நிறுத்த வேண்டும். விதைக்கும் முன் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் தூளில் விதை நேர்த்தி செய்தால் முதலிலிருந்தே காவல். சாம்பல் சத்தையும் மறக்கக் கூடாது, அது தண்டை உறுதியாக்கும்.

கேட்டுத் தெரிந்துகொள்ள இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி நம்ம மாவட்டம்தான். இதே தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரத்தில் 1937-லிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இட்லிக்குப் போடும் அம்பை 16 அரிசி 1986-ல் அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது எங்கள் வயல்

இந்தப் பிசானத்தில் அட்டை பார்க்கும் ஆள் நான்தான். சனிக்கிழமை தோறும் தாத்தாவோடு போகிறேன். மார்கழி இரண்டாம் வாரம் பயிர் மறுபடியும் வெளிறியது. தாத்தா மூட்டையை அவிழ்த்துவிட்டார்கள். நான் பத்து இலை பார்த்தேன். மூன்று இலைதான் 4-க்குக் கீழே இருந்தது.

"ஒரு வாரம் பொறுங்க தாத்தா."

"ஏளா, கெட்டுப்போனா ஒன் அட்டையா வந்து சோறு போடும்?"

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அட்டை தப்பாகச் சொன்னால் அம்மாவின் வளையல் என்ன ஆகும்? இருந்தாலும் தண்ணியை மட்டும் வடித்துவிட்டு வேர் காற்று வாங்கட்டும் என்று விட்டோம். தாத்தா அந்த வாரம் முழுக்கத் தினமும் இரண்டு தடவை வயலுக்குப் போய்வந்தார்கள். ஐந்தாம் நாள் மூட்டம் கலைந்து நல்ல வெயில் அடித்தது. அடுத்த சனிக்கிழமை பார்த்தபோது பயிர் தானாகவே பச்சை திரும்பியிருந்தது. அவிழ்த்த மூட்டையைத் தாத்தாவே மறுபடி கட்டி வைத்தார்கள். ஒன்றும் பேசவில்லை. ஆச்சிதான் சிரித்தார்கள்.

இன்னும் அறுவடை ஆகவில்லை. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள், அதுவும் பாக்கி இருக்கிறது. எத்தனை மூட்டை வந்தது என்று அடுத்த சுவரிதழில் உண்மையை எழுதுகிறேன், கூடினாலும் குறைந்தாலும்.

உங்கள் வீட்டிலும் வயல் இருந்தால் இதை அப்பாவிடமும் தாத்தாவிடமும் சொல்லுங்கள். சண்டை போடாமல் சொல்லுங்கள்! பயிர் மஞ்சளாக இருந்தால் முதலில் "ஏன்?" என்று கேட்கச் சொல்லுங்கள். மூட்டையை அப்புறம் அவிழ்க்கலாம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி